பெய்ஜிங் சியாங்ஷான் போகிறீர்களா? முதலில் கோயில்

பெய்ஜிங்கின் மேற்கு ஓரத்தில் இருக்கும் சியாங்ஷான் மலைப் பூங்காவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் நேராக உச்சிக்கு ஏறிவிட்டு, களைத்துப் போய்த் திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வடக்கு வாசல் பக்கம் பியுன் கோயில் இருக்கிறது. கால் வலிக்கும் முன்பே அதைப் பார்த்துவிடுங்கள்.

500 அருகர்களின் (ஞானம் அடைந்த பௌத்தத் துறவிகளின்) சிலைகள் வரிசையாக அமர்ந்திருக்கும் மண்டபம் ஒன்றுக்கே அரை மணி நேரம் வேண்டும். பின்னால் படியேறினால் 1748-இல் எழுப்பிய வெள்ளைக்கல் கோபுரம். புத்தகயைக் கோயிலின் அமைப்பைத் தழுவியது என்பதால் நம் கண்ணுக்குச் சட்டென்று பழகிய வடிவம்! சீனக் குடியரசை நிறுவிய தலைவர் சுன் யாட்-சென்னின் உடல் 1925 முதல் 1929 வரை இங்கேதான் இருந்தது. நாஞ்சிங்குக்குக் கொண்டுபோன பிறகு, அவருடைய உடையும் தொப்பியும் இந்தக் கோபுரத்திலேயே வைக்கப்பட்டன.

பிறகு பக்கத்திலேயே ரோப் நாற்காலியில் ஏறி உச்சிக்குப் போய், நடந்து இறங்கலாம். இறங்கும் வழியில் 1949-இல் மாவோ தங்கியிருந்த சுவாங்சிங் இல்லத்தையும் பார்க்கலாம்.

சுரங்க ரயில் 10-ஆம் தடத்தில் பாகோ வரை வந்து, அங்கிருந்து டிராம். அக்டோபர் கடைசியில் இலைகள் சிவக்கும்போது கூட்டம் நெரியும். வார நாளில், காலையிலேயே போங்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.