ஸ்லாவியப் பாட்டி தாத்தாவை எப்படிக் கூப்பிடுவது?

ரஷ்யப் பாட்டியை "பாபுஷ்கா" என்று கூப்பிடப் போகிறீர்களா? முதலில் அழுத்தத்தைச் சரிபண்ணுங்கள். முதல் அசையான "பா"வில்தான் அழுத்தம். ஆங்கிலக்காரர்கள்தான் நடுவிலிருக்கும் "புஷ்"ஷை அழுத்தி அழுத்தி அதையே சரி போல ஆக்கிவிட்டார்கள்.

இதன் வேர் "பாபா". குழந்தை உதட்டை ஒட்டித் திறந்தாலே வந்துவிடுகிற மழலைச் சொல். அதன் பின்னால் வரும் "உஷ்கா" செல்லம் சேர்க்கும் ஒட்டு, அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ரஷ்யனில் ஒரு பெண்ணை வெறுமனே "பாபா" என்றால் மட்டமாகப் பேசுவதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். போலிஷிலும் அதே கதைதான், அங்கே பாட்டி "பாப்ச்சா". செக்கில் "பாபிச்கா". ஆனால் பல்கேரியனில் ஒட்டே வேண்டாம், வெறும் "பாபா"தான் பாட்டிக்கு மரியாதையான சொல். அப்புறம் போஸ்னியாவில் "பாபோ" என்று கேட்டால் பாட்டியைத் தேடாதீர்கள், அது துருக்கியிலிருந்து வந்த "அப்பா".

தாத்தாவுக்கு வேர் ஒன்றுதான், உயிரெழுத்து மட்டும் ஊருக்கு ஊர் மாறும். இந்த மொழிகளுக்கெல்லாம் மூலமான பழைய ஸ்லாவியத்தில் "யாத்" என்று ஓர் உயிரொலி இருந்தது. அது ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வொரு பக்கம் போய்விட்டது. அதனால்தான் ரஷ்யனில் "தேத்", உக்ரேனியனில் "தித்", பல்கேரியனில் "தியாதோ", போலிஷில் "ஜாதெக்". இந்த மாற்றம் பிடிபட்டால் வேறு பல சொற்களும் தானாகவே அடையாளம் தெரியும்.

பெரியப்பா, சித்தப்பா, மாமா விஷயத்தில் நமக்கு ஒரு வசதி: அப்பா பக்கம் வேறு, அம்மா பக்கம் வேறு என்பது நமக்குப் புதிதில்லை. செர்பியனில் அப்பாவின் சகோதரர் "ஸ்த்ரீட்ஸ்", அம்மாவின் சகோதரர் "உயாக்". இந்த உயாக்கும், நாம் போகிற வருகிறவரையெல்லாம் கூப்பிடும் "அங்கிள்" என்பதும் ஒரே வேரில் முளைத்தவை. பழைய ரஷ்யனிலும் இந்தப் பிரிவு இருந்தது, இப்போது இரண்டு பக்கத்துக்கும் "த்யாத்யா" ஒன்றுதான், கொஞ்சம் நஷ்டம்தான்.

கொள்ளுத் தாத்தா என்றால் ரஷ்யனில் "தேதுஷ்கா"வுக்கு ("தேத்"தோடு அதே "உஷ்கா") முன்னால் ஒரு "பிர" போதும்: "பிரதேதுஷ்கா". நம் "பிரபிதாமகர்" சமஸ்கிருதத்திலிருந்து எடுத்துவந்த அதே "பிர"வின் உறவுதான் இதுவும். எள்ளுத் தாத்தா வேண்டுமா, இன்னொன்று சேருங்கள்: "பிரபிரதேதுஷ்கா".