டிரெய்லர் இழுக்கும் பிக்கப்புக்கு ஷாக் அப்சார்பர் வாங்கும் முன் அளக்க வேண்டியவை

ஆடிப்பெருக்குக்கு முந்தைய நாள், ஜெனரேட்டர் டிரெய்லரை மாட்டிக்கொண்டு பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தேன். வளைவுக்கு முன்னால் ஒரு சிறு பள்ளம். பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கி எழுந்தது. அதோடு அடங்காமல் மூன்று நான்கு முறை ஆடியது. அமுங்கிய ஒவ்வொரு முறையும் ஸ்டியரிங் கையில் லேசானது. அந்த நொடிகளை இன்றும் மறக்க முடியவில்லை.

மறுவாரம், கடையில் 'இருப்பதிலேயே கெட்டியானது' என்று கொடுத்த ஷாக்கை வாங்கி மாட்டினேன். டிரெய்லர் இல்லாதபோது பின்சக்கரங்கள் துள்ளின. நீளமும் பொருந்தாததால் நான்கே மாதத்தில் எண்ணெய் கசிந்தது. உங்கள் பணம் அப்படி வீணாகக் கூடாது.

முதல் படி: குறை ஷாக்கில்தானா?

பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங் பட்டை. ஷாக் தாங்குவதில்லை, பட்டை ஆடும் ஆட்டத்தை அடக்குகிறது, அவ்வளவுதான். டிரெய்லரை மாட்டியதும் பின்பக்கம் மிகவும் தாழ்ந்து நின்றால் எந்த விலை கொடுத்து வாங்கிய சாதாரண ஷாக்கும் அதைத் தூக்காது. பட்டையைத்தான் பார்க்க வேண்டும், அல்லது பாரத்தைக் குறைக்க வேண்டும். ஷாக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்த தடம், டயரில் இடைவிட்டு மேடு பள்ளமாகத் தேய்மானம், வேகத்தடை தாண்டிய பிறகும் ஓயாத ஆட்டம் ஆகியவை ஷாக் தேய்ந்ததன் அடையாளங்கள்.

இரண்டாம் படி: கொக்கியில் விழும் எடை

முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று சக்கரங்கள் உள்ள நான்கு சக்கர டிரெய்லர் தன் எடையைத் தானே சுமந்துகொள்ளும். கொக்கியில் அநேகமாக ஒன்றும் விழாது. இரண்டு சக்கர டிரெய்லர் அப்படியல்ல. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் விழுமாறு சரக்கை வைப்பது வழக்கம். அதைவிடக் குறைந்தால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். அதை எந்த ஷாக்கும் நிறுத்தாது.

மொத்த எடையை எடைமேடையில் போட்டுப் பாருங்கள். பிறகு டிரெய்லரைக் கழற்றிச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைத்து, அதன் மூக்கை வண்டியில் மாட்டும் அதே உயரத்தில் ஒரு தராசின் மேல் கட்டை கொடுத்து நிறுத்துங்கள். மூட்டை நிறுக்கும் தராசு போதும்.

1,000 கிலோ டிரெய்லரில் தராசு 120 கிலோ காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பின் ஆக்சிலுக்கு (பின்சக்கரங்களின் அச்சுக்கு) 120 கிலோதான் கூடும் என்று நினைத்துவிடாதீர்கள். கொக்கி ஆக்சிலுக்குப் பின்னால் 1.2 மீட்டர் தள்ளி இருந்து, முன் பின் சக்கரங்களுக்கு இடையே 3 மீட்டர் இருந்தால், பின் ஆக்சிலில் 168 கிலோ கூடும். முன்பக்கத்தில் 48 கிலோ (120 × 1.2 ÷ 3) குறைந்து, அதுவும் பின்பக்கம் சேர்வதால்தான் இப்படி. மலைப்பாதையில் என் ஸ்டியரிங் லேசானதன் காரணம் இந்த நெம்புகோல் கணக்குதான். உங்கள் வண்டி எவ்வளவு இழுக்கலாம் என்பதை அதன் கையேட்டில் பார்த்து, அந்த வரம்புக்குள் நில்லுங்கள்.

மூன்றாம் படி: நீளம்

எல்லோரும் தாண்டிப்போகும் படி இது. முன்சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்பக்கச் சேஸிஸை (வண்டியின் அடிச்சட்டத்தை) தூக்கி, இரும்பு ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். பழைய ஷாக்கைக் கழற்றினால் ஆக்சில் இன்னும் கொஞ்சம் தொங்கும். பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது மேல் போல்ட்டின் நடுவிலிருந்து கீழ் போல்ட்டின் நடு வரை அளங்கள். 500 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து, சக்கரங்கள் தரையில் நிற்க, டிரெய்லரையும் மாட்டி அதே தூரத்தை அளங்கள்: 420. ஆக்சில் மேலே வந்து இடிக்கும் ரப்பர் கட்டைக்கும் ஆக்சிலுக்கும் இடைவெளி 70 என்றால், ஷாக் 350 வரை சுருங்க வேண்டியிருக்கும். இருபுறமும் 15 மில்லிமீட்டர் தாராளம் கொடுத்தால், முழுதாக விரிந்தால் 515, முழுதாகச் சுருங்கினால் 335 இருக்கும் ஷாக் தேவை. சுருங்கிய நீளம் இதைவிட அதிகமானால் பள்ளத்தில் ஷாக்கே முட்டுக்கட்டையாகி, எண்ணெயை அடைத்து வைக்கும் சீல் போகும். என்னுடையது அப்படித்தான் போனது. போல்ட்டின் தடிமனையும் புஷ்ஷின் (போல்ட் நுழையும் ரப்பர் வளையத்தின்) அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: எந்த வகை?

வெறும் எண்ணெய் ஷாக் விலை குறைவு. ஆனால் பாரத்தோடு மேடு பள்ளத்தில் நெடுநேரம் ஓடினால் உள்ளே எண்ணெய் நுரைத்து, அடக்கும் சக்தி குறையும். கேஸ் ஷாக்கில் நைட்ரஜன் அழுத்தம் அந்த நுரையைக் கட்டுப்படுத்துகிறது. டிரெய்லர் இழுப்பவர்களுக்கு அதுவே என் பரிந்துரை.

அதிலும் இரண்டு வகை உண்டு. ஒற்றைக் குழாய் ஷாக் வெப்பத்தை விரைவாக வெளியேற்றும்; தொப்பூர் இறக்கம், சூளகிரி ஏற்றம் என்று நெடுஞ்சாலையிலேயே ஓடுபவர்களுக்கு நல்லது. ஆனால் கல் பட்டுக் குழாய் ஒடுங்கினால் உள்ளே பிஸ்டன் சிக்கிவிடும். கல்குவாரி, மாந்தோப்புப் பாதைகளில் போகும் வண்டிக்கு இரட்டைக் குழாய் கேஸ் ஷாக் வாங்குங்கள். வெளிக்குழாய் அடியை வாங்கிக்கொள்ளும்.

கெட்டித்தன்மையை வண்டி பெரும்பாலும் ஓடும் எடைக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள். மாதம் இரண்டு முறை டிரெய்லர் இழுப்பவர் மற்ற நாட்களையும் நினைக்க வேண்டும். அவருக்குத் திருகி மாற்றும் வசதியுள்ள ஷாக் பொருந்தும்.

ஐந்தாம் படி: மாட்டுவது

ஒரே ஆக்சிலில் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இரட்டைக் குழாய் ஷாக்கை மாட்டும் நிலையிலேயே நிமிர்த்திப் பிடித்து, நான்கைந்து முறை மெதுவாக இழுத்து அமுக்கினால் உள்குழாயில் சிக்கிய வாயு வெளிக்குழாய்க்குப் போய்விடும். போல்ட்டுகளை முதலில் லேசாக முடுக்கி, வண்டியை இறக்கிச் சக்கரத்தில் பாரம் ஏறிய பிறகே இறுக்குங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

டிரெய்லரோடு ஒரு கரடுமுரடான சாலையில் ஓட்டி வந்து நிறுத்தியதும், இரண்டு ஷாக்கையும் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலை செய்யவில்லை. அன்றே கடைக்கு எடுத்துப் போங்கள்.