ட்ரெய்லரின் எடை 560 கிலோ: சி மொழி சாக்கெட் நிரலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டின் எடை மேடைக்கு நான் எழுதிக் கொடுத்த சி நிரல், பொருத்திய மூன்றாம் நாள் காலையில், 34,560 கிலோ எடையுள்ள ஒரு ட்ரெய்லரை 560 கிலோ என்று பதிவு செய்தது. மேடை அறையில் இருந்தவர் போனில், "சார், ட்ரெய்லரு ஐந்நூத்தி அறுவது கிலோன்னு காட்டுது, இன்னா பண்றது?" என்று கேட்டபோது நான் முதலில் எடைக்கருவியைத்தான் சந்தேகித்தேன், எடையை உணரும் லோடுசெல்லைச் சோதிக்கச் சொன்னேன். வண்டிகள் வாசலுக்கு வெளியே வரிசை கட்டி நிற்க, அரை நாள் அதிலேயே போயிற்று. பழுது என் நிரலில், சாக்கெட் என்ற நெட்வொர்க் இணைப்பு முனைக்கு வந்த பைட்டுகளை எடுத்துத் தரும் ரிசீவ் (recv) என்ற ஒரே ஓர் அழைப்பை நான் கையாண்டிருந்த விதத்தில் இருந்தது.

நடந்தது இதுதான். எடைக்கருவி சீரியல் கம்பி வழியே விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் எழுத்துகளை அனுப்பும். அந்த வேகத்தில் ஓர் எழுத்து வந்து சேர ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி ஆகும். அவற்றை நெட்வொர்க்கின் டிசிபி (TCP) நெறிமுறைக்கு மாற்றித் தரும் சிறிய பெட்டி ஒன்று இடையில் இருந்தது. கையில் சேர்ந்த எழுத்துகளை எப்போது அனுப்புவது என்பதை அந்தப் பெட்டியே முடிவு செய்துகொள்ளும். அன்று அது '34' என்ற இரண்டு எழுத்துகளை முதலில் அனுப்பிவிட்டு, '560' என்பதையும் வரி முடிவுக் குறியையும் சற்றுப் பின்னால் அனுப்பியிருக்கிறது. என் நிரலோ 64 பைட் கொள்ளும் பஃபரை, அதாவது வந்ததை வைக்கும் நினைவக இடத்தைக் கொடுத்து ரிசீவை ஒருமுறை அழைத்து, கிடைத்ததை அப்படியே எண்ணாக மாற்றியது. முதலில் 34 கிலோ, அடுத்த நொடியில் 560 கிலோ. திரையில் நின்றது இரண்டாவது எண்.

டிசிபி என்பது பைட்டுகளின் ஓட்டம். அனுப்பியவர் சென்ட் (send) என்ற அனுப்பும் அழைப்பை எத்தனை முறை பயன்படுத்தினார், ஒவ்வொரு முறையும் எவ்வளவு கொடுத்தார் என்ற எல்லைக்கோடுகள் எதுவும் மறுமுனைக்கு வந்து சேர்வதில்லை. மெட்ரோ வாட்டர் லாரி தெருமுனை சின்டெக்ஸ் தொட்டியை நிரப்பிவிட்டுப் போன பிறகு, குழாயடியில் குடம் பிடிப்பவருக்கு எந்தக் குடம் எந்த லாரித் தண்ணீர் என்று தெரியாதல்லவா, அதைப் போலத்தான். ஒரு வேறுபாடு உண்டு: டிசிபியில் வரிசை மாறாது, நடுவில் ஒரு பைட்டும் விடுபடாது. அதற்கு மேல் அது எந்த உறுதியும் தருவதில்லை. ஒரு சென்டுக்கு ஒரு ரிசீவ் என்ற எண்ணமே சாக்கெட் நிரல்களில் நான் காணும் பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர்.

இந்தத் தவறு நம் மேசையில் தலைகாட்டாமல் யார்டில் போய்த் தலைகாட்டுவதற்கும் காரணம் உண்டு. லினக்ஸில் ஒரே கணினிக்குள் 127.0.0.1 வழியே பேசும்போது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு 65,536 பைட். ஈதர்நெட்டில் அது 1500 பைட்; ஐபி, டிசிபி தலைப்புகளுக்கு 20 பைட் வீதம் கழித்தால் 1460 பைட்தான் மிஞ்சும். ஆகவே 4000 பைட் செய்தி ஒன்று மேசையில் முழுசாக ஒரே மூச்சில் வந்து சேரும். வெளியே போனால் குறைந்தது மூன்று துண்டாகப் பிரிந்து, அவற்றுள் ஒன்று தொலைந்து மறுபடி அனுப்பப்பட்டால், பாதிச் செய்தியுடன் ரிசீவ் திரும்பிவிடும். "என் லேப்டாப்பில் ஓடியது சார்" என்று பழைய வண்ணாரப்பேட்டையில் மாலை வேளைகளில் என்னிடம் சி படிக்க வரும் பிள்ளைகள் சொல்லும்போது, ஓடியது உண்மை என்பதில் எனக்கு ஐயம் இருப்பதில்லை.

செய்தி எங்கே முடிகிறது என்பதை நாமே வரையறுக்க வேண்டும். ஒன்று, வரி முடிவு போன்ற ஒரு குறி. மற்றொன்று, செய்திக்கு முன்னால் அதன் நீளத்தை நான்கு பைட்டில் எழுதுவது. எதைத் தேர்ந்தாலும், வந்த பைட்டுகளைப் பஃபரின் கடைசியில் சேர்த்துக்கொண்டே போய், ஒரு செய்தி முழுமையடைந்த பிறகே அதை எடுத்துப் பயன்படுத்த வேண்டும். இங்கே இரண்டாவது தவறு காத்திருக்கிறது: ஒரே ரிசீவில் ஒன்றரைச் செய்தி வந்திருந்தால், முதல் செய்தியை எடுத்துக்கொண்டு மீதி அரையைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். அந்த மீதியைப் பஃபரின் தொடக்கத்துக்கு நகர்த்தி வைத்து, அடுத்த ரிசீவை அதன் வால்பகுதியிலிருந்து தொடர வேண்டும். எடை மேடை நிரலைத் திருத்தியபோது நானே முதல் முயற்சியில் இந்த மீதியை மறந்தேன். அவ்வப்போது ஒரு வாசிப்பு காணாமற்போனது.

இதனோடு ஒட்டிய நுட்பமான பிழை ஒன்று உண்டு. வரி முடிவே இல்லாமல் குப்பை எழுத்துகள் வந்து பஃபர் நிரம்பிவிட்டால், மிச்ச இடம் பூச்சியம் ஆகும். பூச்சியம் பைட் கேட்டு ரிசீவை அழைத்தால் அது பூச்சியத்தையே திருப்பித் தரும். ரிசீவ் பூச்சியம் தந்தால் மறுமுனை இணைப்பை முடித்துக்கொண்டது என்று பொருள் கொள்ளும் நிரல், நன்றாக இருக்கும் இணைப்பை மூடிவிட்டு, மறுமுனைமேல் பழி போடும். பஃபர் நிரம்பியதைத் தனியாகச் சோதித்து, அதைப் பிழையாக நடத்துவதே சரி.

ரிசீவ் திருப்பித் தரும் எண்ணுக்கு மூன்று பொருள்கள் உண்டு. நேர்எண் என்றால் அத்தனை பைட் வந்தது. பூச்சியம் என்றால் மறுமுனை அனுப்பி முடித்துவிட்டது. கழித்தல் ஒன்று என்றால் பிழை, காரணம் எர்நோ (errno) என்ற மாறியில் இருக்கும். பூச்சியத்தைக் கண்டுகொள்ளாமல் சுழலும் நிரல், மறுமுனை போன பிறகு சிபியு ஒன்றை நூறு விழுக்காடு தின்றுகொண்டு நிற்கும். குறியில்லாத எண் வகையில் விடையை வாங்கி வைப்பது இன்னும் மோசம். 64 பிட் கணினியில் கழித்தல் ஒன்று 18446744073709551615 என்ற இருபது இலக்க எண்ணாக மாறிவிடும். 'பூச்சியத்துக்குக் குறைவா' என்ற சோதனை ஒருபோதும் உண்மையாகாது. இயங்குதளம் நிரலுக்கு அனுப்பும் சிக்னல் ஒன்று குறுக்கிட்டதால் அழைப்பு பாதியில் திரும்பியிருந்தால் அது தோல்வி ஆகாது, மறுபடி அழைத்தால் போதும். லினக்ஸில் சாக்கெட்டை மூடும் குளோஸ் (close) அழைப்பு இதற்கு விலக்கு, அதைத் திரும்ப அழைக்கக் கூடாது. ஏனெனில் சாக்கெட்டைக் குறிக்கும் எண் ஏற்கெனவே விடுவிக்கப்பட்டு, அதே நிரலுக்குள் இணையாக ஓடும் வேறொரு த்ரெட் அதையே புதிதாகத் திறந்திருக்கக் கூடும்.

வந்த பைட்டுகள் சி மொழியின் சரம் அல்ல. இறுதியில் பூச்சியப் பைட் இருக்காது. அதை நாமே வைக்கலாம் என்று, வந்த எண்ணிக்கையையே இடமாகக் கொண்டு பூச்சியத்தை எழுதுவார்கள். பஃபர் முழுதும் நிரம்பியிருந்தால் அது பஃபருக்கு ஒரு பைட் வெளியே விழும்; கழித்தல் ஒன்று வந்திருந்தால் ஒரு பைட் முன்னால் விழும். கேட்கும்போதே ஒரு பைட் குறைத்துக் கேட்டு, பிழையைச் சோதித்த பிறகு பூச்சியத்தை வைத்தால் இரண்டும் தீரும்.

நீளத்தை முன்னால் அனுப்பும் முறையில் வரும் ஆபத்து வேறு வகை. மறுமுனை சொல்லும் நீளத்தை நம்பக் கூடாது. 4294967295 என்று ஒருவர் அனுப்ப, நாம் முடிவுப் பூச்சியத்துக்காக ஒன்றைக் கூட்டினால், 32 பிட் கணக்கில் விடை பூச்சியமாகிவிடும். நினைவகம் ஒதுக்கும் மாலொக் (malloc) பூச்சியம் பைட்டை ஒதுக்கும். அதன் பின் வரும் ஒவ்வொரு பைட்டும் வேறு தரவுக்கு உரிய நினைவகத்தில் போய் விழும். 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட், குறியாக்கத்துக்கான ஓபன்எஸ்எஸ்எல் நிரலகம் எதிராளி சொன்ன நீளத்தை அப்படியே நம்பி, ஒரு வேண்டுகோளுக்கு 64 கிலோபைட் வரை தன் நினைவகத்தை வாரிக் கொடுத்த பிழைதான். நம் செய்திக்கு ஓர் உச்ச அளவைக் குறித்து, அதைத் தாண்டியதை ஒதுக்கீடு செய்வதற்கு முன்பே மறுத்துவிட வேண்டும்.

பல தரவுகளை ஒன்றாகக் கட்டி வைக்கும் ஸ்ட்ரக்டை (struct) அப்படியே சென்டுக்குக் கொடுப்பதும் பலர் செய்வது. ஒரு பைட் எழுத்தும் நான்கு பைட் எண்ணும் கொண்ட ஸ்ட்ரக்ட், வழக்கமான கம்பைலரில் ஐந்து பைட் அல்ல, எட்டு பைட். இடையில் உள்ள மூன்று பைட்டில் என்ன குப்பை இருந்ததோ அதுவும் போய்ச் சேரும். பைட் வரிசை இதைவிடப் பழைய தொல்லை. நெட்வொர்க்கில் பெரிய பகுதி முன்னால் வர வேண்டும். நம் இன்டெல் கணினிகள் சிறிய பகுதியை முன்னால் வைக்கின்றன. ஹெச்டிஓஎன்எஸ் (htons) என்ற மாற்றியை மறந்து 8080 என்ற போர்ட்டில் சர்வரைத் திறந்தால், அது 36895 என்ற போர்ட்டில் திறக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. மாணவர் யாராவது "கனெக்ட் ஆகவில்லை, ஆனால் சர்வர் ஓடுகிறது" என்றால், திறந்திருக்கும் போர்ட்டுகளைக் காட்டும் எஸ்எஸ் (ss) கட்டளையைத் தட்டி 36895 தெரிகிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

சர்வரை நிறுத்தி உடனே மறுபடி ஓட்டும்போது 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' என்று வந்தால், சிலர் ஒரு நிமிடம் டீ குடித்துவிட்டு வருவார்கள். அது பலிப்பதற்குக் காரணம், முதலில் மூடிய முனை டைம் வெயிட் நிலையில் லினக்ஸில் 60 விநாடி காத்திருப்பதே. ரீயூஸ் அட்ரஸ் (SO_REUSEADDR) என்ற விருப்பத்தை, போர்ட்டைப் பிடிக்கும் பைண்ட் (bind) அழைப்புக்கு முன்னால் வைத்தால் காத்திருக்க வேண்டாம். பின்னால் வைத்தால் பயன் இல்லை.

சர்வர் எந்த லாகும் எழுதாமல், விழுந்த நேரத்து நினைவக நகலான கோர் டம்ப்பும் விடாமல் மறைந்துபோனால், அதன் வெளியேறும் எண்ணைப் பாருங்கள். ஷெல்லில் 141 என்றிருந்தால் அது 128 கூட்டல் 13, அதாவது சிக்பைப் (SIGPIPE) என்ற சிக்னல். மறுமுனை மூடிய பிறகு நாம் அனுப்பும் முதல் சென்ட் பெரும்பாலும் வெற்றி என்றே திரும்பும், ஏனெனில் சென்டின் வெற்றி என்பது இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பஃபரில் பைட்டுகள் ஏறியது மட்டுமே, எதிராளி கையில் சேர்ந்தது ஆகாது. அதற்கு மறுப்பு வந்து சேர்ந்த பின் நாம் செய்யும் அடுத்த சென்டில்தான் சிக்னல் பாய்ந்து நிரலைக் கொல்லும். நிரலின் தொடக்கத்திலேயே சிக்பைப்பைப் புறக்கணிக்கச் சொல்லிவிட்டு, சென்டின் விடையைச் சோதிப்பதே வழி.

யார்டில் எனக்கு அடுத்த பாடம் மழைக்காலத்தில் வந்தது. எடைக்கருவிப் பக்கம் கரண்ட் போனால், அந்தப் பெட்டி இணைப்பை மூடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவதில்லை, சத்தமில்லாமல் செத்துவிடும். அலுவலகப் பக்கம் யுபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்த என் நிரல், வராத பைட்டுக்காக ரிசீவில் உட்கார்ந்தே இருந்தது. கரண்ட் திரும்பிய பிறகும் பழைய இணைப்பைப் பிடித்துக்கொண்டு, திரையில் கடைசி எடையைக் காட்டியபடியே நின்றது. மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று விசாரிக்கும் கீப்அலைவை இயக்கினால் சரியாகும் என்று இயக்கினேன். லினக்ஸில் அதன் முதல் விசாரிப்பே 7200 விநாடி, அதாவது இரண்டு மணி நேரம் கழித்துத்தான் கிளம்பும். அதன் பிறகும் 75 விநாடி இடைவெளியில் ஒன்பது முறை கேட்டுப் பார்த்த பின்னரே இணைப்பு செத்தது என்று தீர்மானிக்கும். அந்த எண்களைக் குறைக்கலாம். கருவி நொடிக்கு நொடி எடை அனுப்புவது என்பதால், ஐந்து விநாடிக்கு எதுவும் வராவிட்டால் மூடிவிட்டு மறுபடி இணையும்படி ரிசீவுக்கு நேர வரம்பு வைப்பது எனக்கு எளிதாக இருந்தது. திரையிலும் அந்த ஐந்து விநாடிக்குப் பின் எண்ணை அழித்துக் கோடு போடச் செய்தேன்.

பல சாக்கெட்டுகளை ஒரே நேரத்தில் கவனிக்க உதவும் செலக்ட் (select) அழைப்பு லினக்ஸில் 1024க்குக் கீழ்ப்பட்ட எண்ணுள்ள சாக்கெட்டுகளை மட்டுமே தாங்கும். மீறினால் பிழை சொல்லாமல் அண்டை நினைவகத்தில் எழுதிவிடக்கூடும் என்பதால், புதிய நிரலுக்கு அதே வேலையைச் செய்யும் போல் (poll) அல்லது ஈபோல் (epoll) அழைப்பை எடுங்கள்.

இப்போது எந்த நிரலையும் வெளியே அனுப்புவதற்கு முன், நாற்பது வரியில் நான் எழுதி வைத்திருக்கும் ஒரு தொல்லை சர்வரோடு அதைப் பேச விடுகிறேன். அது செய்தியை ஒரு பைட், சிறு இடைவெளி, இன்னொரு பைட் என்று சொட்டுச் சொட்டாக அனுப்பும். பிறகு மூன்று செய்திகளை ஒட்டி ஒரே சென்டில் தள்ளும். பிறகு வரியின் நடுவில் மூடும். கடைசியாக, மூடாமலே வாயடைத்து உட்காரும். எடை மேடை நிரலின் பழைய பிரதியை அதனோடு ஓட்டினால் திரையில் முதலில் 3, அடுத்து 4, அடுத்து 5, அடுத்து 6, அடுத்து 0 என்று ஒவ்வொன்றும் ஒரு ட்ரெய்லரின் எடையாக வரும்.