காலி வீட்டைக் கலைஞர்களிடம் ஒப்படைக்கும் முறை: லைப்ஸிக் காட்டும் வழி

மக்கள்தொகை சுருங்கிவிட்ட நகரில் கலைஞர்களுக்கு இடம் தேடுபவர், வண்டிச் சத்தம் ஓயாத பெரிய சாலைகளின் முனை வீடுகளை முதலில் பார்க்க வேண்டும். குடித்தனங்கள் முதலில் காலி செய்வது அங்கேதான். கிழக்கு ஜெர்மனியின் லைப்ஸிக்கில் 1989-இல் சுமார் 5.3 லட்சம் பேர் இருந்தார்கள். பத்தே ஆண்டுகளில் அது 4.4 லட்சத்துக்கு இறங்க, 2000-ஆம் ஆண்டுவாக்கில் 60,000 வீடுகள் அளவில் பூட்டிக் கிடந்தன. 2002-இல் வந்த அரசுத் திட்டம் தேவைக்கு மிஞ்சிய வீடுகளை இடிக்கப் பணம் கொடுத்தது. அந்த இடிப்பிலிருந்து நூறாண்டுப் பழைய வீடுகளைக் காக்கவே 2004-இல் ஹவுஸ்ஹால்டன் என்ற சங்கம், காலி வீட்டில் ஆட்களைக் குடிவைத்தே அதைக் காக்கும் ‘காவல் வீடு’ முறையைத் தொடங்கியது.

முதல் வேலை உரிமையாளரைக் கண்டுபிடிப்பது. 1990-இல் ஜெர்மனி ஒன்றான பின் பல வீடுகள் பழைய உரிமையாளர்களின் வாரிசுகளுக்குத் திரும்பியதால், அவர் வேறு ஊரில் இருக்கக்கூடும். உரிமை அவரிடமே இருக்கும், ஏறத்தாழ 5 ஆண்டுகளுக்குப் பயன்பாடு மட்டுமே கலைஞருக்கு, வாடகை கிடையாது, நடைமுறைச் செலவைக் குடியிருப்பவர் ஏற்பார் என்பதே அவரிடம் பேச வேண்டிய பேச்சு.

வீட்டைப் பார்க்க மழை நாளில் செல்லுங்கள். அறையின் வெளிச்சத்தில் மயங்காமல் பரணில் ஏறி, உத்தரம் சுவருக்குள் நுழையும் முனையில் பேனாக்கத்தியால் குத்திப் பாருங்கள். கத்தி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் மரம் உளுத்துவிட்டது என்று பொருள், அதைச் சரிசெய்வது ஓவியரின் கைக்கு அடங்கிய வேலையன்று. கூரை, தண்ணீர்க் குழாய், மின்சாரம் ஆகிய மூன்றையும் சங்கமோ நகராட்சியோ முடித்துக் கொடுத்த பிறகே சாவியை வாங்க வேண்டும். சுண்ணாம்பும் தரைப்பலகையும் குடியேறுபவர் பாடு.

ஒப்பந்தத்தின் முடிவைப் பற்றித்தான் நான் மிகவும் வற்புறுத்துவேன். மக்கள் திரும்பி வந்து லைப்ஸிக் 6 லட்சத்தைத் தாண்டிவிட்டது. கேட்பாரற்றுக் கிடந்த முனை வீட்டுக்கு இன்று நல்ல விலை. அதைக் காத்தவரின் உழைப்புக்கு எழுத்தில் ஏதும் இல்லையென்றால், அவருக்கு மிஞ்சுவது காலி செய்யும் தேதி மட்டுமே. ஆகவே மூன்றாம் ஆண்டிலேயே நீண்டகால வாடகைக்குப் பேசுங்கள், அல்லது குடியிருப்போர் சேர்ந்து வாங்க முயலுங்கள். ஃப்ரைபுர்க்கில் தோன்றிய மீட்ஸ்ஹொய்ஸர் சிண்டிகாட் கூட்டமைப்பில், வீடு ஒரு நிறுவனத்தின் பெயரில் இருக்கும். குடியிருப்போர் சங்கமும் கூட்டமைப்பும் அதில் பங்காளிகள், இருவரும் ஒப்பாமல் வீட்டை விற்க முடியாது. நகராட்சியும் தன் வசமுள்ள வீடுகளை அதிக விலை கேட்பவருக்கே தள்ளிவிடாமல், இத்தகைய குழுக்களுக்குக் குத்தகையாகவாவது ஒதுக்க வேண்டும்; விலை ஏறுவதற்கு முன்பே அதைச் செய்ய வேண்டும்.