ரவுட்டருக்கு பேக்கேஜ் செய்ய எந்த பில்ட் சூழல்?

ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டர்களுக்கான லினக்ஸ்) ஓடும் ரவுட்டருக்கு ஒரு சின்ன நிரலை பேக்கேஜ் ஆக்க வேண்டுமா? உடனே முழு சோர்ஸையும் இறக்கிக் கம்பைல் செய்ய உட்காராதீர்கள். அதற்கே 10 முதல் 15 ஜிபி இடம் போய்விடும், நேரமும் போகும். பெரும்பாலும் எஸ்டிகே (பேக்கேஜ் செய்வதற்கான தொகுப்பு) போதும்; அதில் டூல்செயின், அதாவது கம்பைலரும் துணைக் கருவிகளும், தயாராகவே வருகிறது. இருக்கிற பேக்கேஜ்களைச் சேர்த்து ஃபர்ம்வேர் மட்டும் உருவாக்க இமேஜ் பில்டர். லினக்ஸின் மையமான கெர்னலில் கை வைப்பதாக இருந்தால்தான் முழு சோர்ஸ்.

எஸ்டிகேயை இறக்கும் முன் ரவுட்டரில் ஓடும் பதிப்பையும் டார்கெட்டையும் (சிப் வகை) பாருங்கள். இரண்டும் எஸ்டிகேயோடு பொருந்த வேண்டும். கெர்னல் மாட்யூல் என்றால் இதில் துளியும் விட்டுக்கொடுக்காது.

உபுண்டுவில் இருக்கும் ஆர்ம் கிராஸ் கம்பைலரே (கணினியில் இருந்தபடி ஆர்ம் சிப்புக்குக் கம்பைல் செய்வது) போதாதா என்று தோன்றும். சிப்புக்குப் பொருந்தினாலும், அது ஜிலிப்சி என்ற சி லைப்ரரியை நம்பும். ரவுட்டரில் இருப்பதோ மஸ்ல் என்ற வேறு லைப்ரரி. நிரலை ஓட்டினால் 'நாட் ஃபவுண்ட்' என்று வரும். கோப்பு கண்ணெதிரே இருக்கும்! உண்மையில் காணாமல் போனது நிரல் அல்ல, அது தேடும் டைனமிக் லிங்கர் (நிரல் தொடங்கும்போது லைப்ரரிகளை இணைப்பது). ஃபைல் கட்டளையைக் கொடுத்தால் எந்த லிங்கரைத் தேடுகிறது என்று தெரிந்துவிடும்.

அப்புறம், விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) வைத்திருப்பவர்கள் பில்டை சி டிரைவில் வைக்காமல் லினக்ஸ் ஹோமிலேயே வையுங்கள். பில்ட் ஃபோல்டரின் பாத்தில் இடைவெளி இருந்தால் பில்ட் முறியும். பில்டை ரூட் யூசராகவும் ஓட்ட வேண்டாம்.