கேசட்டில் கிடந்த பாட்டை வெளியே கொண்டுவர

1994ல் வாடகை அறையில் கிடாரோடு பாடிப் பதிந்த கேசட்டை இந்த வருடம் என் புது ஆல்பத்தோடு வெளியிட்டேன். உங்களிடமும் அப்படிப் பழைய கேசட் இருந்தால், எடுத்ததும் போட்டுக் கேட்காதீர்கள். முதலில் கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள்; ஒட்டிக்கிடந்த நாடா இளகும். பிளேயரில் நாடா உரசி ஓடும் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். அப்புறம் ஹெட்டின் பக்கத்துக் குட்டித் திருகை, ‘ஸ’ ஒலி தெளியும்வரை மெல்லத் திருப்புங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்தது.

பிறகு கணினியில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாகப் பதிந்து, நகலில் மட்டும் கைவையுங்கள். இரைச்சலை முழுக்கத் துடைக்க வேண்டாம். நான் துடைத்தேன், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. மின்விசிறிச் சத்தம் இருந்துவிட்டுப் போகட்டும்!

வெளியிடும்போது ஒவ்வொரு பதிவுக்கும் தனி ஐஎஸ்ஆர்சி எண் (ஒலிப்பதிவை அடையாளம் காட்டும் சர்வதேச எண்) வாங்குங்கள். அதே பாட்டைப் புதிதாகப் பாடியிருந்தால் அதற்கு வேறு எண்.