சத்தம் பத்தவில்லை என்று ஏற்றும் முன்: மைக் செட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடி பிறந்தால் சேலத்தில் மைக் செட் வைத்திருப்பவர்களுக்குத் தூக்கம் கிடையாது. கோட்டை மாரியம்மன் கோயில் தொடங்கி குகை, அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை என்று பேட்டைக்குப் பேட்டை பந்தல் ஏறிவிடும். பண்டிகை முடிந்த கையோடு, ஸ்பீக்கருக்குள் இருக்கும் காயிலை, அதாவது தாமிரக் கம்பிச் சுருளை, மாற்றும் கடைகளில் ஸ்பீக்கர்கள் வரிசை கட்டும். "நல்லாத்தான் பாடிட்டு இருந்துச்சு, திடீர்னு நின்னுடுச்சு" என்பதுதான் கொண்டுவருகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது. ஆனால் ஸ்பீக்கர் திடீரென்று நிற்பது அபூர்வம். அதற்கு முன்பே வேறு ஏதோ ஒரு குறை இருந்திருக்கும்: மாற்றிக் கட்டிய வயர், மெல்லிய கேபிள், தரையில் கிடக்கும் பெட்டி, இறங்கிய வோல்டேஜ். அதனால் சத்தம் பத்தாமல் போயிருக்கும். விழாக் குழுவில் யாராவது வந்து "தம்பி, சத்தம் பத்தலப்பா, இன்னும் கொஞ்சம் ஏத்து" என்றிருப்பார். ஏற்றியிருப்பார்கள். ஏன் பத்தவில்லை என்று பார்க்காமல் ஏற்றுவதுதான் மூலத் தவறு. கீழே சொல்லும் தவறுகளில் பல அதில்தான் போய் முடிகின்றன.

முதலில் ஆள் பத்திரம்

ஸ்பீக்கர் போனால் காயில் மாற்றலாம். பெட்டி ஒரு குழந்தை மேல் விழுந்தால் மாற்ற எதுவும் இல்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லவில்லை. அகலமான பெட்டியின் முகம் காற்றை அப்படியே வாங்கும். பேஸ் பெட்டி மேல் டாப் (பேச்சும் பாட்டும் வரும் மேல் பெட்டி), அதன் மேல் இன்னொரு டாப் என்று அடுக்கிவிட்டு பெல்ட் போடாமல் போவதைப் பல தெருக்களில் பார்க்கலாம். ரேச்செட் பெல்ட்டால் இறுக்கிக் கட்டுங்கள். அடியில் மண் இளகியிருந்தால் பலகை போடுங்கள். முக்காலி ஸ்டாண்டின் கால்களை முழுதாக விரித்து, அந்தக் கால்களின் மேல் மணல் மூட்டை வையுங்கள். பந்தல் மூங்கில் துணியைத் தாங்க நட்டது, அதில் பெட்டியைக் கட்டித் தொங்கவிடக் கூடாது. பெட்டியின் கைப்பிடியும் தூக்கத்தான். தொங்கவிட வேண்டுமென்றால் அதற்கென்று எடை குறித்த கொக்கியும், அது அறுந்தாலும் தாங்கும்படி தனியாக ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் வேண்டும்.

குகை வண்டி வேடிக்கை போல ஊர்வல வண்டியில் பெட்டி ஏற்றினால் தெருவின் குறுக்கே போகும் மின்கம்பியை மறக்கவே கூடாது. வண்டி கிளம்பும் முன் மொத்த உயரத்தை அளந்துவிடுங்கள், போகும் பாதையை ஒரு தடவை நடந்து பாருங்கள். தாழ்ந்த கம்பியைக் கோல் வைத்துத் தூக்கிவிட ஒரு பையனை மேலே ஏற்றும் வழக்கத்தை இன்றோடு நிறுத்த வேண்டும்.

அப்புறம் கரண்ட். ஹம் சத்தம் வருகிறது என்று மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிடுகிறார்கள். ஹம் போய்விடும், கூடவே பாடுகிறவருக்கு இருந்த பாதுகாப்பும் போய்விடும். ஆம்ப்ளிஃபயரின் இரும்பு உடம்பில் கசியும் கரண்ட், மைக் பிடித்த கை வழியாக மண்ணுக்கு இறங்கப் பார்க்கும். ஹம்முக்கு டிஐ பெட்டி (வாத்தியத்துக்கும் மிக்சருக்கும் நடுவில் வைப்பது), சிக்னல் வயரில் போடும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் என்று முறையான வழிகள் இருக்கின்றன. மேடை லைனில், கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று கட்டாயம் வேண்டும். மூன்று ஃபேஸ் தற்காலிக இணைப்பிலோ ஜெனரேட்டரிலோ நியூட்ரல் தளர்ந்தால் 230 இருக்க வேண்டிய இடத்தில் 400 வோல்ட் பக்கம் ஏறலாம். வயர் முறுக்கி முடித்ததும் ஆம்ப்ளிஃபயரைச் சொருகாதீர்கள். மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், சீரியல் லைட் எல்லாம் எரிய ஆரம்பித்த பிறகு மறுபடி பாருங்கள்.

காயில் எப்படி எரிகிறது

ஸ்பீக்கருக்குப் போகும் கரண்டில் சில சதவீதம்தான் சத்தமாகிறது. மீதி எல்லாம் காயிலில் சூடாகத் தங்குகிறது. பாட்டில் இடைவெளி உண்டு, ஏற்ற இறக்கம் உண்டு. அதனால் 500 வாட் ஆம்ப்ளிஃபயர் உச்சத்தைத் தொட்டுத் தொட்டு வாசித்தாலும் சராசரியாக அனுப்புவது அதில் எட்டில் ஒரு பங்கு, 60 வாட் சுமார்தான். ஆம்ப்ளிஃபயர் தன் எல்லையைத் தாண்டுவதைக் காட்டும் கிளிப் லைட் சிவப்பாக நின்று எரிய ஆரம்பித்தால் கதையே வேறு. அலையின் தலை வெட்டுப்பட்டுச் சதுரமாகிறது. இடைவெளி எல்லாம் நிரம்பிவிடுகிறது. ஒரே உச்ச வோல்டேஜில் சைன் அலையைவிடச் சதுர அலைக்கு இரண்டு மடங்கு வாட். 60 வாட் வாங்கிக்கொண்டிருந்த காயில் சில நூறு வாட்டைத் தொடர்ந்து வாங்கும். மேலே இருக்கும், கீச்சுச் சத்தம் தரும் சின்ன ஹாரன் டிரைவரின் டயாஃப்ரம்தான் (மெல்லிய சவ்வுதான்) முதலில் போகும், ஏனென்றால் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் வாட்டில் ஒரு சிறு பங்குதான் அதனால் தாங்க முடியும்.

சின்ன ஆம்ப்ளிஃபயர் போட்டால் ஸ்பீக்கர் எரியும் என்று ஒரு பேச்சு உண்டு. சின்னதை அதன் அளவுக்குள் வாசித்தால் ஒன்றும் ஆகாது. பத்தவில்லை என்று அதைக் கிளிப்பில் போட்டு அழுத்துவதால்தான் எரிகிறது. பெரிய ஆம்ப்ளிஃபயரும் அழுத்தினால் எரிக்கும்.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று. சூடேறச் சூடேறக் காயிலின் மின்தடை கூடும், தாமிரத்துக்கு டிகிரிக்கு 0.4 சதவீதம் சுமார். 30 டிகிரியில் தொடங்கிய காயில் 200 டிகிரிக்குப் போனால் தடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். அப்போது அதே இடத்தில் வைத்த வால்யூமில் சத்தம் குறைந்து கேட்கும். ஒன்பது மணிக்கு மேல் "முன்னே மாதிரி இல்லையே" என்று யாராவது சொன்னால், காயில் கொதித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அங்கே ஏற்றினால் எரியும். இரண்டு மூன்று டெசிபல் இறக்கி வையுங்கள். ஒரு அறிவிப்போ பேச்சோ வந்தால் காயில் ஆறிக்கொள்ளும்.

இன்னொரு கணக்கும் மனதில் இருக்கட்டும். 3 டெசிபல் ஏற்றினால் வாட் இரண்டு மடங்கு. காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட். ஈக்வலைசரில் பேஸை 6 டெசிபல் தூக்கினால் அந்தப் பகுதிக்கு நான்கு மடங்கு வாட் கேட்கிறோம். திருகுவதற்கு நோகாது, காயிலுக்கு நோகும்.

ஆம்ப்ளிஃபயர் வால்யூமைப் பாதியில் வைத்துவிட்டால் ஸ்பீக்கர் பத்திரம் என்று நினைப்பதும் தவறுதான். அது உள்ளே வரும் சிக்னலைத்தான் குறைக்கிறது. மிக்சரிலிருந்து சூடாக அனுப்பினால் அதே ஆம்ப்ளிஃபயர் அப்போதும் முழு வாட்டைத் தரும். காவல் வேண்டுமென்றால், சிக்னலை ஓர் அளவுக்கு மேல் போகவிடாமல் பிடிக்கும் லிமிட்டர். பல ஆம்ப்ளிஃபயர்களின் பின்பக்கம் கிளிப் லிமிட் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள்.

சத்தத்தைத் தின்னும் சில்லறைக் குறைகள்

பிளஸ் மைனஸ் மாற்றிக் கட்டிய பெட்டி. இரண்டு பெட்டியில் ஒன்றின் கோன் (முன்னால் தெரியும் கூம்பு) வெளியே வரும்போது மற்றது உள்ளே போனால் பேஸ் ஒன்றையொன்று அழித்துவிடும். "பேஸே வரலை" என்று ஈக்வலைசரை ஏற்றிக்கொண்டே போவோம். 1.5 வோல்ட் பேட்டரி செல்லைப் பேஸ் ஸ்பீக்கரின் முனைகளில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பிளஸ்ஸில் பிளஸ் வைத்தால் பொதுவாகக் கோன் முன்னால் நகரும். எல்லாப் பெட்டியும் ஒரே பக்கம் நகர வேண்டும்.

மெல்லிய கேபிள். 30 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி போட்டால் போக வர 0.7 ஓம் தடை. 4 ஓம் பெட்டிக்கு இது சின்ன விஷயமில்லை, வோல்டேஜில் ஏழில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடும். 2.5 சதுர மில்லிமீட்டர் போடுங்கள், முடிந்தால் ஆம்ப்ளிஃபயரையே பெட்டி பக்கத்துக்குக் கொண்டுபோங்கள்.

ஓம் கணக்கு. 8 ஓம் பெட்டி இரண்டை ஒரே சேனலில் பேரலலாகக் கட்டினால் 4 ஓம், நான்கு கட்டினால் 2 ஓம். 4 ஓம் வரைதான் என்று ஆம்ப்ளிஃபயரில் எழுதியிருந்தால் மூன்றாவது பெட்டியைச் சொருகக் கூடாது. வோல்டேஜை ஏற்றித் தூரத்துக்கு அனுப்பி, ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் டிரான்ஸ்ஃபார்மரால் இறக்கிக்கொள்ளும் 100 வோல்ட் லைனில் கூம்பு ஸ்பீக்கர் கட்டும்போது டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் 16 ஓம் யூனிட்டை நேராகக் கொடுத்தால், முழுச் சத்தத்தில் அதன் மேல் 600 வாட்டுக்கு மேல் இறங்கும். ஒரு வரி அறிவிப்பைக்கூட அது தாங்காது. டிரான்ஸ்ஃபார்மர்களில் வைத்த வாட்டை எல்லாம் கூட்டினால் ஆம்ப்ளிஃபயரின் வாட்டுக்குள் அடங்க வேண்டும்.

பெட்டியைத் தரையில் வைப்பது. முன்வரிசையில் நிற்பவர்கள் ஹாரன் சத்தத்தை மறைத்துவிடுவார்கள், பின்னால் இருப்பவருக்குப் பேச்சு புரியாது. தலைக்கு மேல் உயர்த்திச் சற்றே கீழ்நோக்கித் திருப்பி வைத்தால், வால்யூமைத் தொடாமலே பத்தாத சத்தம் பத்திவிடும். வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். நீளமான தெருவில் முன்னால் மட்டும் நான்கு பெட்டி அடுக்குவதைவிட, நடுவில் ஒரு ஜோடி சின்னப் பெட்டி வைப்பது நல்லது. சட்டத்துக்கும் அதுவே தோது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை பொது இடத்தில் பொதுவாகத் தடை. விழா இடத்தின் எல்லையில், அந்தப் பகுதிக்கு வகுத்த அளவுக்கு மேல் 10 டெசிபல் அல்லது 75 டெசிபல், இதில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது.

மழையும் மலையும்

தூறல் விழுந்ததும் தார்ப்பாயை எடுத்து ஆம்ப்ளிஃபயர் ரேக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிடுவார்கள். ஃபேன் இழுக்கக் காற்று இல்லாமல் அரை மணியில் அது சூட்டில் அணைந்துவிடும். மேலே மட்டும் கூரை போல மறைத்து, முன்னும் பின்னும் திறந்து விடுங்கள்.

ஏற்காட்டில் கோடை விழா நேரத்தில் ஆர்டர் எடுப்பவர்கள் வேறு மாதிரி யோசிக்க வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருவதற்குள் உள்ளே திருகாணிகள் தளரும், கனமான மேக்னட் அசையும். இறக்கியதும் ஒவ்வொரு பெட்டியையும் தனியாகச் சின்னச் சத்தத்தில் கேட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள். மூடுபனியில் இரவு முழுக்க வெளியே கிடந்த பெட்டியின் காகிதக் கோன் ஈரம் குடித்து நெகிழ்ந்திருக்கும், காலையில் உடனே அடித்து வாசிக்கக் கூடாது. 1,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிவதால் டீசல் ஜெனரேட்டரின் பலமும் கீழே இருப்பது போல இருக்காது. லைட்டுக்கும் சவுண்டுக்கும் சேர்த்து அளவாக எடுத்துப் போனவர்களுக்கு வோல்டேஜ் இறங்குவது இதனால்தான்.

ஆன் செய்யும்போது மிக்சர் முதலில், ஆம்ப்ளிஃபயர் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபயர் முதலில். மியூட் போடாமல் மைக் வயரைப் பிடுங்கவோ மைக்குக்குக் கரண்ட் அனுப்பும் 48 வோல்ட் ஸ்விட்சைத் தட்டவோ கூடாது, அந்த ஒரு 'டம்' போதும். மைக் சேனல்களில் லோ கட் (அடி பேஸை வெட்டும் ஸ்விட்ச்) போட்டே வையுங்கள். பேஸ் பெட்டிக்கும் 30, 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். அதற்குக் கீழே சத்தம் வராது, கோன் மட்டும் கட்டில்லாமல் ஆடிக் கிழியும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு பெட்டி நின்றுபோனால், மற்றவற்றை ஏற்றி அதை ஈடுகட்டாதீர்கள். அதன் வயரைக் கழற்றி மல்டிமீட்டரில் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் நல்ல நிலையில் 6 ஓம் பக்கம் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயிலோ அதற்குப் போகும் வயரோ அறுந்திருக்கிறது. கடையில் மாற்றும்போது பழைய காயிலைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்துப் பாருங்கள். முழுக்கக் கறுத்து, வார்னிஷ் தீய்ந்த வாடையோடு உப்பியிருந்தால் நீண்ட நேரம் அழுத்தி வாசித்ததால் வந்த சூடு. தாமிரம் பளபளப்பாகவே இருந்து, வயர் மட்டும் அறுந்தோ காயிலை நடுவில் பிடித்துவைக்கும் ஸ்பைடர் என்ற அடித்துணி கிழிந்தோ இருந்தால் கோன் அளவு மீறி ஆடியிருக்கிறது, லோ கட்டைச் சரிபாருங்கள். ஒரு பக்கம் மட்டும் உரசித் தேய்ந்திருந்தால் மேக்னட் நகர்ந்திருக்கும். அப்படியானால் புதுக் காயில் போட்டாலும் உரசும், மேக்னட்டை மையத்துக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டு அப்புறம் காயிலுக்குப் பணம் கொடுங்கள்.